ஒரே கோப்பு, இரண்டு பிழைகள்

கடையின் பழைய மேசையை இன்று காலி செய்தேன். இழுப்பறையைத் திறந்ததும் பழைய ரப்பர் வாசனை. கணினிக்குள் இருக்கும் ரேம் என்ற நினைவக அட்டையின் பொன்னிறப் பற்களைத் தேய்க்க நீ வைத்திருந்த அழிப்பான். நீ போய் இரண்டு வருடமாகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஃபேரர் பார்க்கில் நம் அழைப்பிதழ்க் கடைக்கு நீ தட்டச்சு செய்ய வந்த மூன்றாம் வருடம். பிடோக்கிலிருந்து ஒருவர் மகளின் கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மணமகளின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அவர் ஒப்புதல் தந்த மாதிரித் தாளில் பெயர் சரியாகவே இருந்தது. நடுவில் யாரோ கோப்பில் கை வைத்திருக்கிறார்கள் என்றார். கை வைக்கிற ஆள் நீ ஒருத்திதான். நானும் உன்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தேன். உனக்கு அது தெரிந்துவிட்டது.

அவர் போனபின், மாதிரிக்கு எடுத்த அதே கோப்பைத் திறந்து ஒரு தாள் அச்செடுத்தாய். கணினியை அணைத்துப் போட்டு மறுபடி ஒன்று. முதல் தாளில் மண்டபத்தின் பெயரில் பிழை. இரண்டாவதில் மண்டபம் சரி, மாப்பிள்ளையின் ஊர் தப்பு.

“தப்பு என்னோடதா இருந்தா ரெண்டுலயும் ஒரே இடத்துலதானக்கா இருக்கணும்?” என்றாய்.

பழுதுபார்ப்பவர் தொலைபேசியிலேயே ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, வேறு கணினி வாங்குங்கள் என்றார். நீ ஒப்புக்கொள்ளவில்லை. நினைவகத்தைச் சோதிக்கும் நிரல் ஒன்றைத் தேடி ஓடவிட்டாய். திரையில் பிழைகளைக் காட்டும் சிவப்பு வரிகள் இறங்கின. இரண்டு ரேம் அட்டைகளையும் கழற்றி, அழிப்பானால் பற்களைத் துடைத்து மாட்டினாய். மறுபடியும் சிவப்பு. பிறகு ஒன்றை மட்டும் வைத்தாய். முழுச் சோதனையும் பிழையில்லாமல் முடிந்தது. அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் மற்றதைப் பொருத்தியதும் சிவப்பு. எழுத்துகளை மாற்றியது அந்த ஓர் அட்டைதான் என்று, கணினியே படிக்காத நீ அன்று கண்டுபிடித்தாய்.

மன்னிப்புக் கேட்டேன்.

“என்கிட்ட சொன்னது போதும்க்கா. அவர்கிட்டயும் சொல்லணும்லா.”

ஒற்றை ரேமில் மெதுவாக ஓடிய கணினியில் பத்திரிகையைத் திருத்தி, புதிதாக அச்சடித்து, இருவரும் பிடோக் போனோம். அவர் குடும்பத்தின் முன்னால், இயந்திரத்தின் கோளாறு, இவளைச் சந்தேகப்பட்டது என் தப்பு என்றேன். நீ அச்செடுத்துக் கொண்டுவந்திருந்த அந்த இரண்டு பிழைத் தாள்களையும் அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு உன் பெயரைக் கேட்டு, புதுப் பத்திரிகை ஒன்றில் தன் கையாலேயே எழுதி உன்னிடம் நீட்டினார். கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் கதையைச் சொல்லி உன்னை வெட்கப்பட வைத்தது நான்தான். எனக்கு அவ்வளவு பெருமை.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த பெண் அடித்த பத்திரிகையில் தேதி மாறிவிட்டது. யார் செய்தது என்று வாடிக்கையாளர் சத்தம் போட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பார்த்தேன். கணினி நன்றாகத்தான் இருந்தது, தப்பு அவளுடையதுதான். அதை அவளிடம் தனியாகச் சொன்னேன். வாடிக்கையாளரிடம், எங்கள் கடையின் தப்பு என்றேன்.