அப்பாவின் கால்விரல்

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் விரலை எடுக்க வேண்டியதில்லை, புண் ஆறிவிடுமாம். டாக்டர் பாதத்தில் ஒரு சின்னக் கருவியை வைத்ததும் ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. "என்ன டாக்டர், குக்கர் மாதிரி சீறுது!" என்றார் அப்பா. சிரிக்கும்போதே அழுதுவிட்டேன்.

நீ விற்கும் ஆன்டிஆக்சிடன்ட் காப்ஸ்யூல் ரத்தக்குழாயைக் காப்பாற்றும் என்று நம்பி, சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். "மாத்திரைக்குப் பதிலா அது ஆகவே ஆகாதும்மா" என்றார் டாக்டர்.

உன்மேல் கோபமில்லை. வேலை போனவளைப் பிடித்து, பெற்ற அப்பாவிடமே விற்கவைத்த அந்தக் கம்பெனிக்காரனைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

யார் கொடுத்தது என்று டாக்டர் கேட்டதற்கு, "கடையில வாங்கினேன்" என்று அப்பா சாதித்துவிட்டார். அம்மாவிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். பயப்படாமல் வீட்டுக்கு வா.

உன் தங்கை