பன்றி வராத வயல்

6.1.2000

ஆண்டை நாலு இலக்கத்திலும் எழுதிவிட்டேன். போன வருசம் எழுதப் பழகிய நாள் முதல் 99 என்று இரண்டோடு நிறுத்தியவன்தான். கணனிகளும் என்னைப் போலவே இரண்டு இலக்கம்தான் எழுதினவையாம். இரண்டாயிரம் பிறந்ததும் அவற்றுக்கு ஆண்டு குழம்பிவிடும் என்று உலகமே பயந்தது. கனடாவில் என் மகன் ஒரு வருசமாக நித்திரை முழித்துத் திருத்தியது அதைத்தான்.

இன்று தேத்தண்ணிக் கடையில் பேப்பரை நானே உரத்து வாசித்தேன். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது. கணனிகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று போட்டிருந்தது.

பக்கத்து வயல் செல்லையா சிரித்தார். "இல்லாத வருத்தத்துக்கெல்லோ உம்மட மகன் வருசம் முழுக்க வைத்தியம் பார்த்திருக்கிறான், காணும்!"

கடையே சிரித்தது. எனக்குச் சுட்டது.

"ராத்திரி உம்மட வயலுக்குப் பன்றி வந்ததோ?" என்று கேட்டேன்.

"இல்லை. விடியுமட்டும் காவல் இருந்தனான்."

"வராத பன்றிக்கு ஏன் காணும் காவல்?"

செல்லையா பேப்பரை என் பக்கம் தள்ளினார். பிறகு, "இன்னொருக்கால் வாசியும்" என்றார். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

இப்போது நானும் காவல் கொட்டிலில்தான் இருக்கிறேன். கதிர்களின் மேல் பனி இறங்குகிறது. மகனும் அங்கே ஒரு வெளிச்சத்துக்கு முன்னால் இப்படித்தான் இருந்திருப்பான். அவனுடைய வயலில் நெல்லுக்குப் பதிலாக ஆண்டுகள் விளைந்து நிற்கின்றன. ஒன்றும் மிதிபடவில்லை. கெட்டிக்காரன்.

நாளைக்கு இதை அவனுக்கு எழுத வேண்டும். என் கையால் எழுதும் முதல் கடிதம். திகதியில் நாலு இலக்கமும் போடுவேன். பிள்ளைக்கு இன்னும் வேலை வைக்கக் கூடாது.