வாய்க்கால் தெரு முனை

ஜூன் 8, 2025. ஞாயிறு

காலையில் மேலத் தெருவில் ஒரு பெரிய வீட்டுச் சாவு. வெயில் மண்டையைப் பிளந்தது. என் சாக்ஸஃபோனைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் பந்தலுக்குள் நாற்காலி போட்டு, கண்ணாடி கிளாஸில் டீ. எங்கள் பேண்டு செட்டுக்கு மட்டும் கேட்டுக்கு வெளியே, பேப்பர் கப்பில்.

“ஏம்பா, நம்ம வாய் பட்டா கிளாஸ் ஒடைஞ்சிடுமா?” என்று அப்பாவிடம் கேட்டேன்.

“சொன்னத வாசி, குடுத்தத குடி” என்றார். பேண்டு மாஸ்டர் லூர்துநாதனின் பத்துக் கட்டளையும் இந்த ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் சர்க்கரை நோய் அவள் வலது காலை எடுத்துக்கொண்டது. திடீரென்று கேட்டாள்: “இந்த வருஷம் தேர எப்படிடீ பாக்கறது?”

செப்டம்பரில் மாதா திருவிழா. ஆட்கள் தோளில் தூக்கும் தேர், ஊரில் எல்லாத் தெருவையும் சுற்றும். எங்கள் வாய்க்கால் தெருவின் முனை வரைக்கும் வரும். நிற்கும். அப்படியே நேராகப் போய்விடும். உள்ளே வராது. நாங்கள்தான் மெழுகுவத்தியைத் தூக்கிக்கொண்டு முனைக்கு ஓடி, அங்கிருந்தே நேர்ச்சையாக உப்பும் மிளகும் இறைப்போம். இதில் கூத்து என்னவென்றால், அந்தத் தேருக்கு முன்னால் வாசித்துக்கொண்டு போவது நாங்களேதான்.

“முனைக்கு நான் தள்ளிட்டுப் போறேம்மா” என்றேன்.

“கூட்டத்துல நாற்காலில உக்காந்தா மனுஷங்க முதுகுதான் தெரியும், பிரிஸ்கில்லா. மாதா நம்ம வாசல் வழியா ஒரு நாள் வந்தா என்ன, கொறைஞ்சா போயிடுவா?”

சொல்லிவிட்டுக் கீரையைப் பார்த்தாள். 

ஜூன் 10

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன், திருவிழாக் கமிட்டித் தலைவரைப் பார்க்க. அவரை ஊரே சொல்தா பிரகாசம் என்றுதான் கூப்பிடும். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர், இன்னமும் அங்கிருந்து பென்ஷன் வருகிறது.

தேர் எங்கள் தெருவுக்கு வர வேண்டும் என்று கேட்டேன். வயர் தாழ்வாக இருக்கிறது, மாதா கிரீடத்தில் இடிக்கும் என்றார். ஏற்றிக் கட்டுகிறோம் என்றேன். ரோடு சரியில்லை என்றார். போன வருஷமே சிமென்ட் போட்டாயிற்று என்றேன். மனிதர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார்.

“வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல, மா?”

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “சரிங்க மிஸ்யே” என்று பிரெஞ்சு மரியாதையோடு சொன்னார். எதற்குச் சரி? ஃபாதரிடம் போனால், புதிதாக வந்தவர், பாவம், “கமிட்டி முடிவு பண்ணட்டும்மா” என்கிறார்.

வயரும் காரணம் இல்லை, ரோடும் காரணம் இல்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருப்பதுதான் காரணம். ஞானஸ்நானத் தண்ணீர் எல்லார் தலையிலும்தான் விழுந்தது. சாதி மட்டும் நனையவே இல்லை.

ஜூன் 18

உலக இசை நாளுக்காகக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு ஓட்டலில் ஒத்திகை. வெளிநாட்டு ஜாஸ்காரி ஒருத்தி வாசிக்கிறாளாம், அவளை வரவேற்க ‘லோக்கல் பேண்டு’ வேண்டுமாம். போய் நின்றோம். எங்கள் டிரம்காரன் வடிவேல் பெரிய டிரம்மில் சும்மா சாவு அடியை ஒரு தட்டுத் தட்டினான். மேடையில் இருந்தவள் டிரம்பெட்டோடு இறங்கி ஓடி வந்துவிட்டாள்.

பெயர் செலெஸ்த். நல்ல கறுப்பு, என் வயதுதான் இருக்கும். ஊர் குவாதலூப், கரீபியன் கடலில் பிரெஞ்சுக்காரர்களின் தீவு. என் அப்பா இளவயதில் ஒரு பிரெஞ்சு வீட்டில் தோட்ட வேலை பார்த்தவர், அந்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு “வுய், வுய், மதாம்” என்று ஒப்பேற்றி எனக்குச் சொன்னார். அவள் குடும்பப் பெயர் வீராசாமியாம்! புதுச்சேரியில் கப்பலேற்றிக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருத்தர் அவளுக்குக் கொள்ளுத் தாத்தாவுக்கும் மேலே. மற்ற முன்னோர் எல்லாம் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள்.

“அப்பன்னா சொந்தம்தான்” என்றான் வடிவேல், கூச்சமே இல்லாமல். அப்பா அதையும் மொழிபெயர்த்தார். அவள் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வடிவேலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பிறகு நிறையச் சொன்னாள். ஜாஸ் என்றால் ஏசி ஹாலில் கோட்டுப் போட்டுக் கேட்பது என்று நினைத்திருந்தேன். இல்லையாம். அதுவும் தெருவில் பிறந்ததாம். அமெரிக்காவில் கறுப்பர்களின் சாவுக்கு பேண்டு செட்டுதான் போகுமாம். கல்லறைக்குப் போகும்போது மெல்ல அழுதபடி, திரும்பி வரும்போது ஊரே ஆடும்படி. பெரிய ஓட்டல்களில் அவர்கள் வாசிக்கலாம், ஆனால் முன்வாசல் வழியாக நுழையக் கூடாது, சமையலறை வழியாகத்தான். வாசித்த இடத்தில் தங்கவும் முடியாது.

எனக்குப் பேப்பர் கப் ஞாபகம் வந்தது. உலகத்தின் அந்தக் கோடியிலும் இதே கேட்டு, இதே டீயா? அழுகை வரவில்லை. ஒரு மாதிரி தெம்பு வந்தது. நாங்கள் மட்டும் இல்லை.

ஜூன் 20

செலெஸ்த் ஒரு வித்தை காட்டினாள். ஒருத்தர் வாத்தியத்தில் ஒரு கேள்வி வாசிக்க வேண்டும், இன்னொருத்தர் பதில் வாசிக்க வேண்டும். பதில் எந்த நோட்டிலும் இருக்காது. அவரவருக்குள்ளிருந்து வர வேண்டும்.

நான் வாசித்தேன். முதலில் பிசிறியது, பிறகு வந்தது. வடிவேல் டிரம்மிலேயே பதில் சொன்னான். செலெஸ்த் தன் டிரம்பெட்டை அப்பா பக்கம் திருப்பிக் கேட்டாள், அவர் வாத்தியமும் அதுதான். அப்பா சிரித்தபடி தலையை ஆட்டினார். “நோ மதாம். பேண்டுக்காரன் சொன்னதத்தான் வாசிப்பான்.”

எத்தனை தடவை கேட்டும் தன் டிரம்பெட்டை வாயில் வைக்கவே இல்லை.

ஜூன் 21

கடற்கரையில் வாசித்தோம்!! வரவேற்பு முடிந்ததும் ஒதுங்கச் சொன்னார்கள். செலெஸ்த் விடவில்லை, மேடைக்கு ஏற்றிவிட்டாள். அவள் கேள்வி, என் பதில். நான் கேள்வி, அவள் பதில். வடிவேலின் சாவு அடியின் மேல் ஜாஸ். காந்தி சிலையிலிருந்து ஜனம் நகர்ந்து வந்தது. ஐஸ்கிரீம்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு ஆடினார்.

முடிந்ததும் எங்களுக்குச் சாப்பாடு ஓட்டலுக்கு வெளியே, ஜெனரேட்டர் பக்கத்தில். செலெஸ்த் உள்ளே இருந்த தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டாள். காரத்தில் மூக்கு ஒழுகியது. பின்னாலேயே அவள் குழு மொத்தமும் வந்தது. கடைசியில் ஓட்டல் மேனேஜர் நாற்காலிகளை ஜெனரேட்டர் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

ஜூலை 2

செலெஸ்த் ஊருக்குப் போய்விட்டாள். போகுமுன் அம்மாவைப் பார்க்க வந்தாள். இருவருக்கும் பொதுவான வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. ஒரு மணி நேரம் பேசினார்கள்.

ஜூலை 27

ஞாயிறுதோறும் நானும் வடிவேலும் கேள்வி-பதில். தெருப் பெண்கள் சமையல் வேலைக்கு நடுவே கைதட்டிப் பதில் சொல்கிறார்கள். லட்சுமி அக்கா குடத்தில் தட்டினாள். அப்பா தினமும் வெளித் திண்ணையில் உட்கார்ந்து டிரம்பெட்டைத் துடைக்கிறார், துடைக்கிறார், துடைத்துக்கொண்டே இருக்கிறார். நான் அவரைப் பார்த்து ஒரு கேள்வி வாசித்தேன்.

“போய் சோறு வடி” என்றார். அது பதிலா?

ஆகஸ்ட் 29

கொடியேற்றம். வாசித்துவிட்டு வந்தோம். வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. சொல்தா பிரகாசம் அப்பாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டாராம். தேரை முனையில் நிறுத்தி, ஜெபம் முடிந்ததும் நேராகப் போய்விட வேண்டும், தகராறு கூடாது. அப்பா சரி என்றுவிட்டாராம்.

எனக்கு வந்ததே கோபம். “யாரக் கேட்டு சரின்ன? அம்மாவக் கேட்டியா? அவளுக்கு ஒத்தக் காலுப்பா! ஒத்தக் காலு!”

கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அப்பா டிரம்பெட்டைத் துடைக்கப் போய்விட்டார். வடிவேல்தான் சமாதானத்துக்கு என்னவோ பழைய கதை எடுத்தான். இந்தத் தேரை ஒருமுறை தூக்கிவிட்டால் கோயில் வாசலில்தான் இறக்க வேண்டும், நடுவில் தரையில் வைக்கக் கூடாது. பேண்டு இல்லாமல் ஓரடியும் எடுத்து வைக்கக் கூடாது. ஒரு வருஷம் மழையில் டிரம் தோல் நமத்துப்போய், வேறு டிரம் வரும் வரைக்கும் தூக்கினவர்கள் தோளில் தேரோடு மழையிலேயே நின்றார்களாம்.

“நம்ம சத்தம் இல்லன்னா மாதாவே நகர மாட்டா பாத்துக்கோ” என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. ஆனால் அது மனதில் ஒட்டிக்கொண்டது.

செப்டம்பர் 3

அப்பாவோடு பேச்சில்லை. சாதத்தைத் தட்டில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். அம்மா இரண்டு பேரையும் திட்டுகிறாள்.

செப்டம்பர் 8. மாதா பிறந்த நாள்

 நேற்று ராத்திரி தேர் ஊர்வலத்தில் நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

தேர் கிளம்பியது. லைட்டும் பூவுமாக மாதா ஜொலித்தாள். மேலத் தெரு, கீழத் தெரு, கோயில் தெரு, எல்லாம் சுற்றி எங்கள் முனைக்கு வந்து நின்றது. ஜெபம் சொன்னார்கள். எங்கள் ஜனங்கள் மெழுகுவத்தியோடு முனையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், தெருவின் உள்ளே, எங்கள் வீட்டு வாசலில் ஒற்றை மெழுகுவத்தி. அம்மா. வர மாட்டேன் என்று பிடிவாதமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜெபம் முடிந்தது. இப்போது அப்பா டிரம்பெட்டைத் தூக்கி, நேராகப் போகும் பாட்டை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. அந்த மெழுகுவத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சாக்ஸை எடுத்துக் கேள்வி வாசித்தேன். நாலே நாலு ஸ்வரம். அப்பாவைப் பார்த்து.

அவர் டிரம்பெட்டைத் தூக்கவில்லை.

“என்ன லூர்து, நேரா போ!” — சொல்தா பிரகாசம்.

மறுபடி வாசித்தேன். வடிவேல் குச்சியை ஓங்கியபடி நின்றான். தேருக்கு அடியிலிருந்து ஒருவன் கத்தினான்: “மாஸ்டர், எதையாவது வாசிங்க, தோளு போவுது!”

மூன்றாம் முறை வாசித்தேன். அழுதுகொண்டே வாசித்தேன் என்று நினைக்கிறேன்.

அப்பா டிரம்பெட்டை வாயில் வைத்தார்.

நான் பிறந்ததிலிருந்து அவர் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவள். அப்படி ஒன்றை அவர் வாசித்து நான் கேட்டதே இல்லை. எந்த நோட்டிலும் இல்லாதது. என் நாலு ஸ்வரத்தையும் எடுத்து, மேலே மேலே ஏற்றிக் கொண்டுபோய், உச்சியில் நிறுத்திப் பிடித்தார். பிடித்தபடியே திரும்பினார். எங்கள் தெருவுக்குள் நடந்தார்.

வடிவேலின் டிரம் இறங்கியது. நாங்கள் எல்லோரும் பின்னால். ஜனம் விலகி வழி விட்டது. லட்சுமி அக்கா குடத்தைத் தட்ட, பெண்களெல்லாம் கைதட்டிப் பதில் சொல்ல, தெருவே வாசித்தது.

தேர் முனையிலேயே நின்றது. கீழே இறக்க முடியாது. சத்தம் இல்லாமல் நேராகப் போக முடியாது. சத்தமோ எங்கள் தெருவுக்குள் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். தேரின் முன் கொம்பைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தவன் லூர்துபிரகாஷ், சொல்தா பிரகாசத்தின் சொந்த மகன். அவன் குரல்தான் கேட்டது:

“டேய், பேண்டு போற பக்கம் போங்கடா!”

தேர் திரும்பியது.

கேபிள் வயர் நிஜமாகவே கிரீடத்தில் இடித்தது. யாரோ துணி உலர்த்தும் கம்பால் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். மாதா குனியாமல் உள்ளே வந்தாள்.

எங்கள் வாசலில் அப்பா நின்றார். தேரும் நின்றது. அம்மா மடியில் வைத்திருந்த உப்பையும் மிளகையும் இரண்டு கையாலும் இறைத்தாள். எட்டித் தேர்க் கொம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முகமெல்லாம் கண்ணீர். அப்பாவும் அழுது வாசிப்பை விட்டுவிட்டார்.

“நிறுத்தாத மனுஷா, வாசி!” என்று அம்மா அதட்டினாள். “தூக்கறவங்க பாவம்.”

வாசித்தார். தெருக் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். திரும்பும்போது ஊரே ஆடும்படி வாசித்தோம். தெருவே ஆடியது. தேர் தூக்கினவர்கள்கூடத் தோளைக் குலுக்கினார்கள், சத்தியமாக.

ஜெயித்துவிட்டோம். எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஜெயித்துவிட்டோம்.

செப்டம்பர் 9

செலெஸ்துக்கு வீடியோ அனுப்பினேன். பதிலுக்கு அவள் தன் டிரம்பெட்டில் வாசித்து அனுப்பினாள், அப்பா வாசித்த பதிலுக்கு இன்னொரு கேள்வி. அப்பா அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். கம்பெனிக்கு எனக்கு போன் வேண்டும், கொடுக்க மாட்டேன் என்கிறார்.

வாசலில் மிதிபட்ட பூவையும் உப்பையும் கூட்டப் போனேன். “கெடக்கட்டும்டீ” என்று அம்மா விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 14

பூசை முடிந்து வந்தால், சொல்தா பிரகாசம் எங்கள் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தார். இதுவரை வந்ததில்லை. தகராறுக்குத்தான் என்று நினைத்து வாயைத் தயாராக வைத்துக்கொண்டேன். அப்பா எழுந்து நின்றார். கையைக் கட்டவில்லை.

வந்தவர் அப்பாவைப் பார்க்கவில்லை. அண்ணாந்து வயரைப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

“இன்னா லூர்து, கிரீடத்துல ஒரு கல்லு பேந்துடுச்சு. அடுத்த வருஷத்துக்குள்ள இந்த வயர ஏத்திக் கட்டு.”

“சரிங்க” என்றார் அப்பா.

அம்மா உள்ளே இருந்து டீ கொடுத்தனுப்பினாள், எவர்சில்வர் டம்ளரில். சொல்தா பிரகாசம் நின்றபடியே குடித்தார், முழுசாகக் குடித்தார், போய்விட்டார்.

அப்பா ஏணி கேட்டு வடிவேல் வீட்டுக்குப் போயிருக்கிறார்.