பதினொரு மணி வண்டி

மார்ச் 3, திங்கள்

சென்னை ஆபீசிலிருந்து வெற்றிச்செல்வன் சார் ஷீட் அனுப்பிவிட்டார். ஊர் ஊராய்ப் போய் நெசவாளர் வீடுகளில் பட்டுச்சேலை வாங்கிக்கொண்டு ஆரணி கிடங்குக்கு வரும் நாலு வண்டிகளுக்கும் நான் மதிப்பெண் போட வேண்டும். நேரத்துக்கு நாற்பது, சுமைக்கு முப்பது, டீசலுக்கு இருபது, சேதத்துக்குப் பத்து. மதிப்பெண்ணில் கடைசியாக வருகிற வண்டியை ஏப்ரலில் நிறுத்திவிடுவார்கள். தலைவலி.

மார்ச் 5

போளூர் வழி வண்டி ஓட்டும் பலராமன் அண்ணன்தான் கடைசி. கணக்கில் எடுத்த பன்னிரண்டு வெள்ளிக்கிழமையும் தாமதம். இந்த மனுஷனுக்கு ஜல்தி என்றால் என்னவென்றே தெரியாதா?

மார்ச் 6

மனசு கேட்கவில்லை. அண்ணன் வண்டியில் ஒரு சேலைகூடக் கெட்டதில்லை, சேதத்துக்கு எடையைக் கூட்டலாமா என்று சாரிடம் கேட்டேன். "மார்க் வந்தப்புறம் எடையை மாத்தினா அது கணக்கில்லமா, சிபாரிசு" என்றார். அவர் சொல்வது சரி. அதுதான் எரிச்சல்.

மார்ச் 7, வெள்ளி

பலராமன் அண்ணன் வண்டியிலேயே போனேன். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே நெசவாளர் ராஜம்மாள் வீட்டு வாசலில் நின்றுவிட்டது. சேலை நெய்து முடிந்து தறியிலேயே இருக்கிறது. அறுக்கவில்லை. "ராகு காலம் போவட்டும்மா, குந்து" என்று ராஜம்மாள் டீ கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை பத்தரைல இருந்து பன்னெண்டு வரைக்கும் எவன்மா சேலைய அறுப்பான்? வாரா வாரம் இப்டிதான் குந்திகினு இருக்கேன்" என்றார் அண்ணன்.

ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க தறிக்காரர் வூட்டுப் பொண்ணு. தெரிஞ்சுதான் போட்டிருப்பீங்கனு நெனச்சேன்."

பதினொரு மணி என்று நேரம் குறித்தது நான். அந்த நேரத்தில் என் அப்பா கத்தியைத் தொட்டதில்லை. எனக்கு எப்படி மறந்துச்சு? சீ, வெட்கமா இருக்கு.

மார்ச் 10

நேரம் தப்பு, போட்டது நான் என்று மெயில் அனுப்பினேன். சார் ஒத்துக்கொண்டார். பன்னிரண்டரை என்று மாற்றி மறுபடி கணக்குப் போட்டோம். பலராமன் அண்ணன் இரண்டாவது. அப்பாடா.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது — நாலில் ஒன்று கடைசியாக வந்துதானே ஆக வேண்டும்? வந்தவாசி வழி பன்னீர்செல்வம்.

மார்ச் 12

பன்னீர்செல்வத்துக்குக் கடிதம் போய்விட்டது.

மார்ச் 19, புதன்

பன்னீர்செல்வம் ஆபீசுக்கு வந்தார். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"பலராமனுக்குப் பார்த்த மாதிரி எனக்கும் பாருங்கமா. எங்கனா ஒரு நேரம் தப்பா போட்டிருப்பீங்க."

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஷீட்டைத் திறந்தேன். அவருக்கு நான் குறித்தது செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. செவ்வாயன்று ராகு காலம் மூன்றுக்குத்தான். பன்னிரண்டு வாரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என் டப்பாவில் சாப்பாடு அப்படியே இருந்தது. அவர் ஷீட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.