சக்கர் போட்ட தொட்டி

நெய்தல் விண்வெளி நிலையம், கேலிஸ்டோ நிலவின் சுற்றுப்பாதை.
காவல் குறிப்பு. எழுதுபவர்: தேசிங்கு, நீர்ப்பிரிவு. படிக்க வேண்டியவர்: எனக்கு அடுத்து விழித்துக் காவல் ஏற்பவர்.

நாள் 212 | 09:10

காற்று சரி. நீர் அழுத்தம் சரி. செடித் தொட்டியில் கீரை அறுவடை, நானூறு கிராம்.

உறங்கும் தொட்டி 1: டாக்டர் ரெஜினா பர்னாந்து. நீரின் வெப்பம் 9 டிகிரி. நாடி நிமிடத்துக்கு 6. தொட்டி 2 காலி. அது எனக்கு. இரண்டு பேர் சேர்ந்து விழித்திருந்தால் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு மேல் இங்கே சாப்பாடு தாங்காது. அதனால் ஒருவர் தூங்க, ஒருவர் காவல். நாள் 400இல் மாறிக்கொள்வோம்.

மீன் தொட்டி: கோல்டு மீன் இரண்டு. ஒன்று ஒரண்டா, ஒன்று பிளாக் மூர். ஒரண்டாவுக்குத் தலையில் சிவப்புத் தொப்பி, உடம்பு பந்து. பெயர் உருண்டை. மூருக்குக் கண் வெளியே பிதுங்கியிருக்கும், பார்வை அரைகுறை. பெயர் கரிக்கட்டை. இரண்டுக்கும் பெயர் வைத்தது ரெஜினாவின் மகள் ஸ்டெஃபி, தூத்துக்குடியில் ஏழாவது படிக்கிறாள்.

இவை அழகுக்காக வந்தவை அல்ல. கோல்டு மீனின் மேலிருக்கும் வழவழப்பைப் பார்த்துத்தான் ரெஜினா தன் பூச்சைக் கண்டுபிடித்தார். அதைப் பூசிக்கொண்டுதான் மனிதர்கள் வருடக்கணக்கில் தண்ணீரில் தோல் அழுகாமல் கிடக்கிறார்கள். மீன் தொட்டிக்கும் உறங்கும் தொட்டிக்கும் ஒரே குழாய், ஒரே தண்ணீர்; மீன் பக்கம் மட்டும் சூடாகி வரும். விதி: மீன்மேல் புண் கண்டால் அன்றே தரைக்கு, அதாவது பூமியிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்கு, சொல்ல வேண்டும், தொட்டி 1ஐ வடித்து ரெஜினாவின் தோலைப் பார்க்க வேண்டும். பதினான்கு மணி நேர வேலை.

மீன்கள் நலம்.

நாள் 219 | 10:30

தொட்டி 1இன் உள்சுவரில் பாசி மாதிரி ஒரு படலம் பிடிக்கிறது. விட்டால் உணரிகளை மூடிவிடும். வாரம் ஒருமுறை கையுறைத் துளை வழியாக இரண்டு கையையும் உள்ளே விட்டு, துணியால் தேய்க்க வேண்டும். ஒன்பது டிகிரியில் இரண்டு மணி நேரம். முடிந்ததும் டம்ளரைப் பிடிக்கக்கூட விரல் மடங்காது. முப்பது வாரமாகச் செய்கிறேன். இன்று அலுத்துவிட்டது.

அப்பாவுக்குக் கொளத்தூரில் வண்ண மீன் கடை. தொட்டி வாங்கிக் கிளம்புகிறவர்களைச் சும்மா அனுப்ப மாட்டோம். "ஒரு சக்கர் போட்டுக்கங்க சார், தொட்டிய அதுவே கிளீன் பண்ணிடும்." நானே ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். சக்கர் மீன் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். வாடிக்கையாளருக்கும் சந்தோஷம்.

கோல்டோடு சக்கர் ஆகாது என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். பாசி தீர்ந்தால் அது பக்கத்தில் நிற்கும் மீனின் மேல் ஒட்டி வழவழப்பை உரிக்கும். வேகமான மீன் உதறிவிட்டுப் போய்விடும். உருண்டை மாதிரி குண்டு மீன் எங்கே போகும்? கோல்டுக்கு அதே மாதிரி மந்தமான கோல்டுதான் துணை. தெரிந்தும் விற்போம். செத்தால் இன்னொன்று வாங்க வருவார்கள்.

செடித் தொட்டியில் இரண்டு சக்கர் உண்டு. ஒன்றை எடுத்து மீன் தொட்டியில் போட்டேன். பாசி நிறைய இருக்கிறது, இரண்டு வாரத்தில் எடுத்துவிடலாம்.

அந்தக் கையோடு தொட்டி 1க்குள் குழாய்ச் சுரண்டி இரண்டை விட்டேன். உள்ளங்கை அளவு இயந்திரம். வழவழப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டிச் சுரண்டும். கழிவுக் குழாயில் பிரமாதமாக வேலை செய்கிறது.

இந்தப் பத்தியை நாள் 400க்கு முன் அழித்துவிட வேண்டும். ரெஜினா மேடத்துக்கு இயந்திரம் என்றாலே ஆகாது, வைவார்.

நாள் 226 | 10:05

இரண்டு கண்ணாடியும் பளபளவென்று இருக்கின்றன. கையை நனைக்கவில்லை. மிச்சமான இரண்டு மணி நேரத்தில் கேரம் ஆடினேன், எனக்கு நானே எதிரி. தோற்றேன்.

தூத்துக்குடியிலிருந்து வாராந்தரச் செய்தி, ஸ்டெஃபி: "தேசிங்கு மாமா, உருண்டை ஒழுங்கா திங்குதா? அம்மா எப்பிடி இருக்காவ? ரெண்டு பேரையும் பத்திரமா பாத்துக்கிடுங்க. எனக்கு பரீட்சை. கணக்குதான் பயமா இருக்கு."

பதில் அனுப்பினேன்: இருவரும் நலம். கணக்குக்குப் பயப்படாதே.

நாள் 233 | 09:40

உருண்டை தொட்டி மூலையில் நிற்கிறது. தீனி போட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடப்பக்கம் ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளைத் திட்டு. ஓரத்தில் சிவப்பு.

எனக்கு அது என்னவென்று ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. சக்கரைத் தேடினேன், வடிகட்டிக்குப் பின்னால் புகுந்துகொண்டு வரவில்லை. விட்டுவிட்டேன். திட்டின்மேல் உப்பு தடவியிருக்கிறேன், இரண்டு நாளில் ஆறிவிடும்.

தரைக்கு அனுப்பிய வாரக் குறிப்பு: மீன்கள் நலம். தோலில் மாற்றம் இல்லை.

பொய்தான். உண்மையைச் சொன்னால் தொட்டி 1ஐ வடிக்கச் சொல்வார்கள். சக்கர் கடித்த மீனுக்காகப் பதினான்கு மணி நேரம் யார் சாவது? அதைவிட, கொளத்தூர்க்காரன் கோல்டு தொட்டியில் சக்கர் போட்டான் என்று கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்த மானக்கேடு எனக்கு வேண்டாம். ரெஜினாவின் நாடி 6. வெப்பம் 9. அங்கே ஒன்றும் இல்லை.

நாள் 236 | 15:20

தரையிலிருந்து பணி அலுவலர் வஹிதா: "தேசிங்கு, இந்த வாரம் மீனோட படம் வரலை. மறந்துட்டீங்களா? ரெண்டு பக்கமும் எடுத்து அனுப்புங்க. சும்மா பதிவுக்குத்தான்."

நாள் 205இல் எடுத்த படத்தை அனுப்பினேன். தேதியை மாற்றினேன்.

நாற்பது நிமிடத்தில் அது போய்ச் சேர, இன்னொரு நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது: "அழகா இருக்குது. தேங்க்ஸ்."

மனசு கேட்கவில்லை. ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நாள் 242 | 08:15

விளக்கைப் போட்டதும் பார்த்தேன். உருண்டை தொட்டியின் அடியில் சாய்ந்து கிடந்தது. அதன் விலாவில் சக்கர் ஒட்டியிருந்தது. தொட்டியில் பாசி துளிகூட இல்லை. எல்லாம் தின்று தீர்த்துவிட்டு இதன்மேல் ஏறியிருக்கிறது. உருண்டை உதறவில்லை. வாலை மட்டும் மெதுவாக ஆட்டியது.

சக்கரைப் பிய்த்து எடுத்தேன். உருண்டையை உப்பு நீரில் விட்டேன். கால் மணி நேரம் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். போய்விட்டது.

கரிக்கட்டை பரவாயில்லை. தீனி தின்றது.

ஸ்டெஃபியிடம் என்ன சொல்வது? வேறொரு கோல்டின் பழைய படம் இருந்தால்

நாள் 242 | 08:31

சுரண்டிகள்.

நாள் 242 | 09:20

தொட்டி 1இன் சுவரில் படலம் துளிகூட இல்லை. எத்தனை நாளாக இல்லை என்று தெரியவில்லை. கண்ணாடி வழியாக வலக் கன்னம் மட்டும் தெரியும், அது நன்றாக இருக்கிறது. கையுறைத் துளையில் கையை விட்டேன். இருபத்து மூன்று நாள் கழித்து. இடது தோளில் பூச்சு இல்லை. விரலுக்குச் சொரசொரவென்று பட்டது. கீழே இறக்கினேன். முழங்கைக்கருகில் ஒரு சுரண்டி ஒட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று கழுத்தில்.

இரண்டையும் பிய்த்தேன்.

நாடி 6. வெப்பம் 9. இந்த எண்களைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருந்தேன்.

நாள் 233இல் ஒரு வரி உண்மை எழுதியிருந்தால் அன்றே வடித்திருப்பார்கள், அன்றே பார்த்திருப்பேன். அன்று தோலில் ஒரு கீறல்தான் இருந்திருக்கும். ஒன்பது நாள். என் கௌரவத்துக்காக ஒன்பது நாள் அந்த அம்மாவை உரிக்க விட்டிருக்கிறேன். பாவி நான்.

நாள் 242 | 11:05

ரெஜினாவின் தோலைப் பற்றி மட்டும் தரைக்குச் சொன்னேன். வஹிதாவின் பதில்: "பதறாதீங்க. புண்ணு மேல புதுப் பூச்சு ஒட்டாது, அதனால திரும்பத் தூங்க வைக்க முடியாது. வடிச்சு, சூடேத்தி எழுப்புங்க. மருத்துவர் இங்க உக்காந்திருக்காங்க, ஒவ்வொரு மணி நேரமும் அளவு அனுப்புங்க. பூச்சு தானா கெட்டுப்போச்சா? எப்படி ஆச்சு?"

எப்படி ஆச்சு என்பதற்குப் பதில் எழுதவில்லை. அளவுகளை மட்டும் அனுப்புகிறேன்.

நாள் 243 | 07:00

வடித்தாயிற்று. வெப்பம் 24. நாடி 31. புண்: இடக் கன்னம், காது, கழுத்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை. சுண்டு விரலும் மோதிர விரலும் கறுத்துவிட்டன. கட்டுப் போட்டேன். இரண்டு கட்டைத் திரும்பப் போட வேண்டியிருந்தது.

சாகக் கூடாது. எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

நாள் 243 | 19:30

வெப்பம் 36. நாடி 88. முனகினார். மருந்து கொடுத்தேன்.

நாள் 245 | 12:15

காய்ச்சல் இறங்கியது. விழித்துவிட்டார். தொற்றுத்தடுப்பு அறையில் இருக்கிறார், நான் வெளியே. உள்தொடர்பில் அவர் சொன்னது: "தேசிங்கு, இடது கை எங்க கெடக்குன்னே தெரிய மாட்டேங்கு." பிறகு: "மீனுங்க என்ன செய்யுது?"

நன்றாக இருக்கின்றன என்றேன்.

ஏன் சொன்னேன்? கேட்ட உடனே வாயில் அதுதான் வந்தது. இவ்வளவு நடந்த பிறகும்.

இரண்டு விரலையும் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாளை, இயந்திரக் கையால்.

நாள் 247 | 16:40

தரையிலிருந்து வஹிதா: "விரல் நீக்கினது சுத்தமா முடிஞ்சிருக்கு. பூச்சு கெட்டதைச் சரியான நேரத்துல கண்டுபிடிச்சீங்க. இங்க எல்லாரும் உங்களைத்தான் பேசறாங்க."

தூத்துக்குடியிலிருந்து ஸ்டெஃபி: "மாமா, எங்க அம்மைய நீங்கதான் காப்பாத்துனீங்கன்னு சொன்னாவ. அப்பா கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்துனாவ. உங்க பேருக்கும் ஒண்ணு. வந்ததும் எங்க வீட்டுக்குத்தான் வரணும்."

இரண்டாவது செய்தியை முழுதாகக் கேட்க முடியவில்லை. நிறுத்திவிட்டுச் செடித் தொட்டி அறையில் போய் உட்கார்ந்தேன். அழுதேன். அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் நினைத்தேன். அழுகை நிற்கவில்லை.

நாள் 252 | 13:00

சாப்பாடு இன்னும் ஒரு நாளைக்குத்தான் இரண்டு பேருக்கு வரும். ரெஜினா அறைக்குள் எழுந்து நடக்கிறார். அவர் தூங்க முடியாது. ஆகவே நான் தூங்க வேண்டும். தொட்டி 2 தயார். பூச்சு பூசிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் உள்ளே போவேன். தரையிலிருந்து மாற்று ஆட்கள் வர இன்னும் பத்தொன்பது மாதம்.

காவல் மாறும்போது இந்தக் குறிப்பு அவர் கைக்குப் போகும். நாள் 219இலிருந்து உண்மை எழுதிய எல்லாப் பதிவுகளையும் அழிக்கலாம் என்று காலையில் திறந்தேன். இரண்டு பொத்தான்தான். அழித்தால் நான் அவரைக் காப்பாற்றியவன். அப்படியே வைத்தால் நான் யார் என்று அவருக்குத் தெரியும், அதுவும் நான் தண்ணீருக்கடியில் கையைக் காலை அசைக்க முடியாமல் கிடக்கிற நேரத்தில்.

பயமாக இருக்கிறது மேடம். நீங்கள் என்ன செய்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

அழிக்கவில்லை. உருண்டை செத்துவிட்டது. சக்கரைப் போட்டது நான். சுரண்டியைப் போட்டதும் நான். தரையிடம் மறைத்ததும் நான். உங்களிடம் நேரில் சொல்ல எட்டு நாள் இருந்தது, வாய் வரவில்லை.

தொட்டி 2க்குப் போகிறேன்.

நாள் 253 | 11:20

எழுதுபவர்: ரெஜினா பர்னாந்து. ஒரு கையால் தட்டுகிறேன்.

தொட்டி 2: தேசிங்கு. வெப்பம் 9. நாடி 7.

படித்தேன். இரண்டு முறை படித்தேன். கட்டை அவிழ்த்துக் கையைப் பார்த்தேன். பிறகு தொட்டி 2க்கு முன்னால் போய் நின்றேன். எவ்வளவு நேரம் என்று குறிக்கவில்லை.

சுரண்டி இரண்டும் மேசை மேல் இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டி 2இன் மூடி வரைக்கும் போனேன். இதையும் நீ படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கரிக்கட்டைக்குத் தீனி போட்டேன்.

தரைக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஸ்டெஃபிக்கும் சொல்லவில்லை. உன் பேருக்கு அவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கட்டும். நீ எழுந்து ஊருக்கு வந்து, எங்கள் வீட்டில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து நீயேதான் சொல்ல வேண்டும். அதுவரை உன் தோலில் ஒரு கீறல் விழ விட மாட்டேன்.

நாள் 260 | 10:30

தொட்டி 2: வெப்பம் 9. நாடி 6. உள்சுவரில் படலம் பிடித்திருந்தது. கையால் தேய்த்தேன். ஒரு கை என்பதால் நான்கு மணி நேரம் ஆனது.