காகிதம் கண்ணடிக்காது

மார்ச் 28, சனி
அக்கா சைமி எழுதிய வாசிப்பான், பக்கங்களைத் திறந்து காட்டும் நிரல், இன்று வேலை செய்தது! கடையில் பில் அடிக்கிற பழைய பிரிண்டரைப் பிடித்து, எங்கள் குட்டி வலையின் பக்கங்களைச் சுருள் காகிதத்தில் அச்சடிக்க வைத்துவிட்டாள். குட்டி வலை என்பது நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்ன இணையம்: படமில்லை, விளம்பரமில்லை, வெறும் எழுத்து. வரியின் தொடக்கத்தில் ஒரு குறி: தலைப்புக்கு ஒன்று, இணைப்புக்கு ஒன்று, பட்டியலுக்கு ஒன்று. சட்டமே அவ்வளவுதான். அதனால்தான் இங்கே ஆளாளுக்குச் சொந்தமாக வாசிப்பான் எழுதிக்கொள்கிறார்கள். பதினோராம் தேதி தம்பெரே நகர நூலகத்தில் எல்லாரும் கூடுகிறோம். அக்கா இதைக் காட்டப்போகிறாள். மூன்று மாத உழைப்பு.

ஏப்ரல் 1
முட்டாள்கள் தினமாச்சே! குட்டி வலையின் பொதுப் பலகையில் 'பேராசிரியர் வில்க்குனென்' என்ற பெயரில் ஒரு யோசனை போட்டேன்: வரி தொடக்கத்தில் இரண்டு அலைக்கோடு வைத்தால் அந்த வரி திரையில் அணைந்து அணைந்து எரிந்து கண்ணடிக்க வேண்டும். "விழிக்கும் வரிக்கும் இடையே விழிப்புணர்வு" என்றெல்லாம் அளந்துவிட்டேன். சிரித்துச் சிரித்து வயிற்று வலி.

ஏப்ரல் 3
ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. பாராட்டுகிறார்கள்! சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தாவேத்தி தன் பக்கங்களில் அதைப் போட்டே விட்டார். ஒருவருக்கு நிறம் வேண்டுமாம். ஒருவருக்கு எழுத்தெல்லாம் நடுவில் நிற்க வேண்டுமாம். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் சில்விக்குத் தடித்த எழுத்து, அதுவும் வரிக்கு உள்ளேயே. குறி வைத்தேன், குறி தவறிவிட்டது.

ஏப்ரல் 5, ஈஸ்டர்
சாப்பாட்டு மேசையிலும் அக்கா மடிக்கணினியோடு, பலகையில் கேட்ட குறிகளையெல்லாம் தன் வாசிப்பானில் சேர்க்கப் பார்க்கிறாள். ஒரு குறியைச் சரிசெய்தால் இன்னொன்று உடைகிறது. பிரிண்டர் பாதி வரியில் நின்று முனகுகிறது.
"காகிதம் எப்படிடா கண்ணடிக்கும், நூட்டி? நூலகத்துக்கு நான் இதைக் கொண்டுபோகலை. விட்டுடு."
அப்புறம், "எந்த மடையன் அந்தப் பேராசிரியன்?"
நான் ஈஸ்டர் பலகாரமான மாம்மியை அள்ளி அள்ளித் தின்றேன். தார் மாதிரி இருக்கும் அந்தக் களியை யாரும் இவ்வளவு ஆசையாய்த் தின்றிருக்க மாட்டார்கள். வாயை மூடி வைக்க வேறென்ன வழி?

ஏப்ரல் 6
அந்தப் பேராசிரியன் நான்தான்னு அக்காவிடம் சொல்லிட்டேன். கம்பளிக் காலுறை பறந்து வந்தது. ஈரக் காலுறை.
பலகையிலும் ஒப்புக்கொண்டேன். தாவேத்தி பதில்: "விளையாட்டுன்னு அன்னைக்கே தெரியும்ப்பா. ஆனா பாக்க அழகாத்தானே இருக்கு?"
அட கடவுளே — என் ஜோக்கை எதிர்த்து நானே வாதாடணுமா?

ஏப்ரல் 7
வாதாடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: புதுக் குறி வேண்டுபவர், எல்லாருடைய குறிகளும் வேலை செய்கிற வாசிப்பானைத் தன் கையாலேயே எழுதி சனிக்கிழமை கொண்டுவரட்டும். அக்காவிடம் நாம் கேட்பது அதைத்தானே?

ஏப்ரல் 9
நிறக்காரர் வாபஸ். நடுக்காரர் நடுவழியில் வாபஸ். சில்வி: "நாசமாப்போன தடிச்ச எழுத்து, ரெண்டு நாளா என்னைச் சாப்பிடவிடலை. எனக்கு வேண்டாம்." படித்துவிட்டு அக்கா புதிதாய்ச் சேர்த்ததையெல்லாம் அழித்தாள். பிரிண்டர் கடகடவென்று ஓடியது.

ஏப்ரல் 11
தாவேத்தி மட்டும் விடாமல் எழுதிக் கொண்டுவந்தார். அவர் திரையில் தலைப்பு, இணைப்பு, கடிகாரம் எல்லாமே கண்ணடித்தன. ஐந்து நிமிடத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவரே மூடினார். "போதும்ப்பா. பழையபடியே இருக்கட்டும்."
பிறகு அக்காவின் சுருள். சில்வி ஒரு பக்கத்தைக் கிழித்து, மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார், டிராமில் படிக்க. அக்காவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

ஏப்ரல் 12
சில்விக்கும் ஒன்று வேண்டுமாம். பழைய பிரிண்டர் தேடி நானும் அக்காவும் சந்தைக்குப் போகிறோம். சுமப்பது நான், தண்டனையாம். தண்டனைக்கா ஒருத்தன் அரை மணி முன்னாடியே காலணி மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பான்?