மூக்குப்பேணிக்கு ஓர் அச்சு

ஜேர்மனி,
12.2.1986

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் கால் வீக்கம் வற்றியதா? அம்மாவின் தடிமனும் தும்மலும் மாறியதா? நான் நல்ல சுகம்.

ஒரு புதினம்! பீங்கான் தொழிற்சாலையில் என்னை அச்சு வார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். சுண்ணாம்புபோல ஒரு வெள்ளை மாவைத் தண்ணீரில் கரைத்து, கோப்பை மாதிரியின்மேல் ஊற்றினால் இறுகி அச்சாகும். எனக்கோ வாளிக்குள்ளேயே இறுகத் தொடங்கியது. சுண்ணாம்புச் சாந்துக்கு, "இறுகினால் தண்ணி விட்டுக் குழையடா" என்பீர்களே, அதையே செய்தேன். அச்சு பிட்டு மாதிரி உதிர்ந்தது! மறுநாளும் பிட்டுத்தான். இந்த மா இறுகினால் இறுகியதுதான் என்று பிறகே விளங்கியது.

நேற்று, இறுகத் தொடங்கமுன்னமே ஊற்றி வார்த்தது கண்ணாடிபோல வந்தது, ஐயா! மேற்பார்வையாளர் மகிழ்ந்து, என் ஊர்ப் பாத்திரம் ஒன்றுக்கு அச்சுச் செய்யச் சொன்னார். எங்கள் மூக்குப்பேணிதான் என்றேன். அதன் மூக்கு வழியே அண்ணாந்து வாயில் ஊற்றிக் குடிப்பதை நடித்துக் காட்ட, விழுந்து விழுந்து சிரித்தார்.

களிமண்ணில் மாதிரி பிடிக்க உட்கார்ந்தால், அந்த மூக்கு எந்த உயரத்தில் தொடங்கும் என்பது நினைவில் இல்லை. பிறந்ததிலிருந்து அதில்தானே குடித்தேன்!

பேணியைத் தாளில் கிடத்தி, பென்சிலால் சுற்றிக் கீறி அனுப்புங்கள்.

வேலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். பேணியை அனுப்பிவிடாதீர்கள், படம் போதும். நான் வந்து குடிக்க அது வீட்டில் இருக்கட்டும்.

உங்கள் மகன்,
பஞ்சலிங்கம்